சிவப்புக் கோடு நகர்ந்த கதை

அன்பு மகள் பட்டாணிக்கு,

இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் சுகம், உன் அம்மாவுக்கு வாய் உட்பட எல்லாம் சுகம், உன் சுகத்தை நீ எனக்கு அனுப்பும் 'நலம்' என்ற ஒற்றை வார்த்தை மெசேஜிலிருந்து நானாக ஊகித்துக்கொள்கிறேன். பதிலை மெசேஜில் தட்டினால் கட்டைவிரல் கழன்றுவிடும், அதனால்தான் தாள். மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, சரிசெய்ய வந்தவர் ஒழுகினால் என்ன, தண்ணி வருதுல்ல என்று கேட்டுவிட்டுப் போனார். மூக்குக்கண்ணாடிக் கடை வழக்கம்போல ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும் உன் அம்மா, முப்பது வயசாகியும் பொம்மைப் படம் பார்த்துக்கிட்டு இருக்கியே, மூளை எப்ப வளரும் என்று கேட்டாள், நீயும் ஒரு வாரம் முன்னதாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய், எட்டு மாதமாக அவளோடு உனக்குப் பேச்சில்லை. கிளம்பின அவசரத்தில் நம் டி.வி.யில் உன் கணக்கை மூடாமல் போயிருக்கிறாய். நீ பார்க்கத் தொடங்கின அந்தத் தொடர் அதில் அப்படியே இருந்தது. பெரியவர்களுக்கான பொம்மைப் படம், இருபத்தாறு கதை, ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிஷம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஒன்றரை மாதம் முன்பு மத்தியானம் சாப்பிட வந்தால் உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாற்காலி மேஜையிடம் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டில் ஏறி நிற்கிறது, நீதிபதி வாயைத் திறக்கிறார், இவள் டக்கென்று அணைத்துவிட்டாள். ஏன் என்றேன். பாதியை நான் பார்த்துட்டேன், மீதியை அவ அங்க பார்ப்பா, எவ்வளவு தூரம் பார்த்தாச்சுன்னு படத்துக்குக் கீழே காட்டுற சிவப்புக் கோடு நாளைக்கு நகர்ந்திருந்தா பொண்ணு நல்லா இருக்கான்னு அர்த்தம் என்றாள். போன் என்று ஒரு சாமான் இருக்கிறதே என்றேன். அதில் நான் பேசமாட்டேன், கோபம் அவளுக்கு மட்டும்தான் வருமா என்றாள். உங்கள் இருவரையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது, நான் நடுவில் மாட்டிக்கொண்ட மத்தளம்.

மறுநாள் கோடு நகரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது, ஐந்தாம் நாள் விழவே இல்லை, தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாயந்திரம் கடையில் என் போனில் உன் கணக்கைத் திறந்து, மீதி ஆறு நிமிஷத்தை நானே ஓட்டிவிட்டேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் அவள் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து, கேட்காமலேயே எனக்கு இரண்டாவது டீ கொடுத்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அப்புறம் எப்படி நிறுத்துவது, நீயே சொல்.

அன்றிலிருந்து அவள் மத்தியானம் முதல் பாதி, நான் சாயந்திரம் பின் பாதி. எந்தக் கதை எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது, சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் முழுக்கதை தெரிந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு குடை எதற்கு மேயர் நாற்காலியில் உட்கார்ந்து ராஜினாமா எழுதுகிறது, ஒருவனுடைய நிழல் ஏன் அவன் மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறது, ஒன்றும் புரியாமலே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜ மனுஷன் அழுதால் நடிக்கிறான் என்று தோன்றும், நாற்காலி அழுதால் என்ன சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வது? அதிலும் மற்ற சீரியலில் ஒரு நிச்சயதார்த்தமே எட்டு மாதம் நடக்கும், இங்கே பன்னிரண்டு நிமிஷத்தில் பிறந்து வாழ்ந்து செத்தும் போய்விடுகிறார்கள், நாளைக்கு வேறு ஆள். நீ இதில் என்ன கண்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். நடுநடுவே துணியில்லாமல் ஆட்கள் ஓடுகிறார்கள், அதைத்தான் கொஞ்சம் குறைத்திருக்கலாம், கண் பரிசோதிக்க வந்த ஒரு பெண்மணி எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என் போனையே படித்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் பக்கத்துப் பல் டாக்டரை உனக்குத் தெரியும், அதிர்ந்து பேசாதவர். கண்ணாடிக்குத் திருகு மாட்ட வந்தவர் ஒரு கதையின் முடிவைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், தினம் ஐந்து மணிக்கு யாரையாவது வாயைத் திறந்தபடி உட்காரவைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார், அதற்கு முன் நான் பார்த்த முடிவுகளையும் என்னைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார். முதல் பாதி தெரியாமல் எனக்குத் தூக்கமே வரலீங்க என்று புலம்பினார். அதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் வாயை அவர் அன்றைக்கே அடைத்திருக்கலாம்.

போன வியாழக்கிழமை முழங்கால் வலியில் கடை திறக்கவில்லை. டாக்டர் நேரே வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், அம்மா, அந்த நாற்காலி எதுக்காக விவாகரத்து கேட்டுச்சு என்றார். உன் அம்மா அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் இருபத்தைந்து முதல் பாதிகளையும் சொன்னாள், அவர் இருபத்தைந்து பின் பாதிகளையும் சொன்னார், நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சோபாவில் கிடந்தேன். அவர் போனதும் நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள், எனக்கு முதல் நாளே தெரியும், அவ கடைசியில பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா, நீங்க கதை முடிஞ்சதும் அணைச்சிடுவீங்க, கோடு நுனிவரைக்கும் போகாம நின்னுச்சு என்று. அப்புறம் எதற்கு தினமும் பாதி மிச்சம் வைத்தாய் என்றேன். யார் நகர்த்தினா என்ன, காலையில நகர்ந்திருந்துச்சுல்ல என்றாள். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டாள்.

இன்னும் ஒரே ஒரு கதை பாக்கி. நேற்று அவள் பாதி பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் தொடவில்லை, டாக்டரும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். உன்னைப் பார்க்கச் சொல்லக்கூடாது, சொன்னா கணக்கில்ல என்று உத்தரவு, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை, வீட்டு நடப்பை எழுதினேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. திரையையே வெறிக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் எதையாவது பார், வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள், கண்ணாடிக்காரன் மகள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் என்று பெயர் வாங்கித் தராதே. நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

அப்பா உறையை ஒட்டுவதற்குள் படித்துவிட்டேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கடைசிக் கதையை நான் விட்ட இடத்திலிருந்து பார்க்காதே, முதலிலிருந்து பார். நன்றாக இருக்கிறது.
அம்மா