கேமராவுக்கு ஒரு நிரந்தர எண்

14 அக்டோபர் 2008, செவ்வாய்
தல்லாகுளம்

காலையில் கரண்ட் போய் வந்ததும் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "எம்மா, கேமரா தெரியலையே? நல்லாத்தான இருக்க?"

தனியாக இருக்கிறேன் என்று கூடத்தில் அவன் மாட்டிவிட்டுப் போன கேமரா. கரண்ட் போய் வந்தால் இன்டர்நெட் ரவுட்டர் அதற்கு, வீட்டு விலாசம் மாதிரி, வேறு எண் கொடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து அவன் வரும் வழி பழைய எண்ணிலேயே போய் முட்டி நிற்கிறது. அவன் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் நான் எண்ணை மாற்றுவேன். இருபது நிமிஷப் பேச்சு. நடுவில், "என்ன கொழம்பு வச்ச?" என்று கேட்பான்.

இன்று, "தெனமும் இந்த ரோதனை வேணாம்மா, ஒரே நம்பரா நிரந்தரமாப் போட்டுருவோம்" என்றான். போட்டேன். "இனிமே கரண்ட் போனாலும் படம் வரும். வச்சிரவா?"

படம் வருகிற நாளில் அவன் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இது இன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் வரை கேமராவுக்கு நேராகவே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் அந்த நிரந்தர எண்ணை அழித்துவிட்டேன்.

நாளைக்கும் பத்து மணிக்குக் கரண்ட் போகும்.