சீப்புக்குக் குனிந்த தலை

அண்ணி,

முதலில் நான் கவனித்தது உங்கள் தலையைத்தான். சீப்பு பிடித்த கை தோளுக்கு மேலே ஏறவில்லை; தலைதான் சீப்பைத் தேடிக் கீழே இறங்கியது. இன்று காலை என் பழைய புத்தகப் பையைத் தூசு தட்டியபோது அந்தச் சீப்பு கையில் பட்டது. இரண்டு பல் உடைந்த பச்சைச் சீப்பு. உங்கள் முடி ஒன்று இன்னும் அதில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். வாய் இருந்தவர்களாவது என்னவென்று கேட்டார்களா? உங்கள் இமைகள் கத்திரிப்பூ நிறமாயின. குழாயடியில் சிரித்தார்கள். "இன்னாடி, சினிமாக்காரியாட்டம் கண்ணுக்குக் கலர் பூசிக்கினு வந்துக்கிற?" விரல் மூட்டுகளில் சிவப்பாகத் தடித்தது. குடம் இடுப்புக்கு ஏறாமல் நழுவியது. அம்மா கத்தினாள்: "குடம் தூக்க முடியல, மினுக்கிக்கினு நிக்க மட்டும் முடியுதா?"

தண்ணீர் எடுக்க ஆளில்லை என்று எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். அந்தப் பழியும் உங்கள்மேல்தான் விழுந்தது. என் பையை ஆணியில் மாட்டப் பார்த்தீர்கள், கை எழவில்லை. "எனக்குச் சரியாவட்டும் பாப்பா. தண்ணி நான் தூக்குறேன், நீ ஸ்கூலுக்குப் போ" என்றீர்கள்.

திண்டிவனத்தில் களிம்பு. விழுப்புரத்தில் சத்து ஊசி. தோல் வெடித்ததும் ஊரே பெயர் வைத்துவிட்டது: குஷ்டம். தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக் கொட்டகையோரம் பாய். கேப்பைக் கூழ் தொண்டையில் இறங்காமல் மூக்கில் ஏறிய பிறகுதான் அண்ணன் உங்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனான். நானும் வந்தேன். அங்கே டாக்டரம்மா உங்கள் கையைத் தன் கையில் வைத்து, விரல் விரலாகப் பார்த்தார். அத்தனை மாதத்தில் உங்களைத் தொட்டவர் அவர்தான். நான்கூடத் தொடவில்லை.

"இது ஒட்டாதும்மா. அபூர்வமா வர்ற நோய். தோல்ல தெரியுது, உள்ள சதையையும் நுரையீரலையும் பிடிச்சிருக்கு. கையைத் தூக்க முடியலன்னப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அண்ணன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். யார் கேட்டார்கள்? நீங்கள் மூச்சுத் திணறி இறந்த மறுநாள் பாய், புடவை எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். இந்தச் சீப்பை மட்டும் நான் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம் விக்கிரவாண்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஓமந்தூரில் இருக்கும் உங்கள் தங்கையைத் தன் மகனுக்குப் பேசியிருக்கிறாராம். கொடுத்த தண்ணீரைத் தொடாமல், வாசலில் நின்றே கேட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க மருமவளுக்குக் குஷ்டமாமே? தங்கச்சிக்காரிக்கும் வந்துட்டா பேஜாரு பாருங்க."

அம்மா முந்தானையை முறுக்கினாள். "இன்னான்னு சொல்றது... யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும்! அம்மாவுக்குத் தெரியும் அண்ணி. ஒட்டாத நோய் என்று சொன்னால், உங்களைக் கொட்டகையில் போட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்காக உங்கள் தங்கையின் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லையா?

உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்தேன்.

"இது எங்க அண்ணி சீப்பு. ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் கூடவே இருந்தேன்."

பின்னலை அவிழ்த்தேன். உங்கள் முடியை எடுக்காமலே, கையை நன்றாக உயர்த்தி, அந்த அம்மா பார்க்கத் தலை வாரிக்கொண்டேன்.