பிந்தி வந்த துடிப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன வாடிப்பட்டி லாரி டிரைவர் செல்லப்பாண்டி அண்ணன் இன்று சொன்னார்: "போன வாரம் டம்ளரைப் பிடிச்சேன் தங்கச்சி. இப்ப நழுவுது. இன்னைக்கு இன்னொரு தடவை சேத்து வையிங்க."

வைத்தேன்.

எங்கள் சிகிச்சை மையத்து மெஷின் முதலில் மணிக்கட்டில் ஒரு மின்துடிப்பு கொடுக்கும். கண்ணிமைப்பதற்குள் தலையில் ஒன்று. மணிக்கட்டுத் துடிப்பு மூளைக்கு வந்து சேர்ந்த பிறகு தலையில் தட்டினால் நரம்புத் தொடர்பு பலப்படும். சேர்வதற்கு முன்பே தட்டினால் அதே தொடர்பு தளர்ந்துபோகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொல்கிறவளே நான்தான்.

அவர் போன பிறகு திரையைப் பார்த்தேன். அதில் இரண்டு துடிப்புக்கும் நடுவே இருந்த இடைவெளி, போன மாதம் வந்த ஓர் அக்காவுக்கு அளந்து வைத்தது. அந்த அக்கா என் தோள் உயரம்தான். அண்ணன் வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். அவ்வளவு நீளக் கையிலிருந்து துடிப்பு தலைக்குப் போக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவர் வரத் தொடங்கிய இந்த ஆறு நாளும் நான் அதை மாற்றவில்லை.

டாக்டர் அறைக் கதவு வரை போனேன். வண்டிச் சாவியை மறந்தவள் போலத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் தல்லாகுளம் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றிருக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

சற்றுமுன் அண்ணனின் மனைவி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "சாயங்காலத்துல இருந்து விரலே மடங்க மாட்டேங்குது. நாளைக்கு வெள்ளன வாரோம். உங்க மெஷினைத்தான் நம்பியிருக்காரு."

'வாங்க' என்று மட்டும் பதில் போட்டேன்.