இவர் பெயர் இல்லாத அட்டை

பங்குனி 15, ஞாயிறு

காலையிலேயே வெயில். உளுந்து காயப்போட்டாச்சு. வேட்பாளர்கள் இரண்டு பேர் நோட்டீசும் அடுப்படியில், பக்கத்தில் பக்கத்தில். பெயர் எழுதப் பயம். வா. என்றால் வாத்தியார், மி. என்றால் ரைஸ்மில்காரர்.

வா. – பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் டயாலிசிஸ் மெஷின். டாக்டர்கள் இங்கேயே, பாண்டிக்கு அலைய வேண்டாம். ஆனால் காரைக்கால் ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்.

மி. – இங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் இன்சூரன்ஸ், எந்த ஊர் அட்டையானாலும். மெஷின் பிரிவு தனியாரிடம். இன்சூரன்ஸ் தொகை தீர்ந்துபோனால்? அதற்கு ஒரு வரி இல்லை.

என் காரைக்கால் அட்டையில் என் வீட்டுக்காரர் இவர் பெயர் கிடையாது. கல்யாணமாகி வரிச்சிக்குடிக்கு வந்து பதினாறு வருஷம், பெயர் இன்னும் நாகூரில் இவர் அண்ணன் வீட்டு அட்டையில். எடுத்தால் பூர்வீக வீட்டில் பங்கு போய்விடும் என்று அண்ணன் சொன்னதை நம்பினோம். முட்டாள்தனம். வாஞ்சூர் எல்லை தாண்டினால் நாகூர் வேறு மாநிலம் என்பது அப்போது உறைக்கவில்லை. இனி மாற்றுவது தேர்தல் முடிந்துதானாம்.

பங்குனி 17, செவ்வாய்

இவருக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சு. பக்கத்து மெஷினில், நெரவியிலிருந்து வரும் செல்லம்மாள் அக்காவின் வீட்டுக்காரர், இரண்டு காலும் வீங்கி. அக்கா பிளாஸ்க் காபியில் எப்போதும் எனக்குப் பாதி.

"வாரம் மூணு தடவ போடணும்னு டாக்டர் சொல்றாரு. மெஷினு ஏது? வெளியூர்க்காரங்கல்ல வந்து படுத்துக்கிடுறாங்க. வாத்தியார் வந்தாத்தாம்மா விடிவு. மில்லுக்காரன் தனியார்ட்ட விட்டான்னா, தொகை தீந்த அன்னிக்கே வெளியில தள்ளிருவானுவ."

தலையாட்டினேன். அட்டைப்படி இவரும் வெளியூர்க்காரர்தான். யாராவது அட்டையைக் கேட்டால்?

பங்குனி 18, புதன்

வா. எங்கள் தெருவுக்கு வந்தார். ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று சுற்று சுற்றினேன். கூட வந்தவரிடம் ஒரு நோட்டு.

"வீட்டுல டயாலிசிஸ் பண்றவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? எழுதிக்கிறோம்."

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க."

கதவுக்குப் பின்னால் இவர். அவர்கள் போனதும் அழுதேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லேன்னு நீ சொன்னப்ப, ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு" என்றார்.

ஊசி போடும் கையைத் தொட்டுப் பார்த்தேன். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த நரம்பு கிர்ரென்று ஓடுகிறது. அது நின்றுவிடுமோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன்.

பங்குனி 23, திங்கள்

ஓட்டு. பள்ளிக்கூடத்தில் நீள வரிசை. இவருக்கு இங்கே ஓட்டு இல்லை. வேப்பமர நிழலில் நின்றார். உள்ளே வா. பெயருக்கு நேரே விரல் போனது. அக்கா வீட்டுக்காரரின் கால் வீக்கம் ஞாபகம் வந்தது. ஆனால் வெளியே மரத்தடியில் இவர், அட்டை நாகூரில். விரலை எடுத்து மி.யை அழுத்தினேன். பீப் சத்தம் அவ்வளவு நீளமா?

பங்குனி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அட்டை கேட்கவில்லை, இன்றைக்கும். அக்கா வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அக்கா மை வைத்த விரலைக் காட்டினார்.

"ஒன் வீட்டுக்காரருக்கும் சேத்து வேண்டிக்கிட்டுத்தான் வாத்தியாருக்குப் போட்டேன். நீயி?"

"நானும்தான்க்கா."

பிளாஸ்கைக் கவிழ்த்துக் காபி முழுவதையும் எனக்கே ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.