குரோட்டன் நின்ற இடம்

தம்பிக்கு,

சனிக்கிழமை உங்கள் பல்கலைக்கழகத்து பஸ் நம் தேயிலைத் தோட்டத்து மயானத்துக்கு வந்தது. இடத்தைத் துப்புரவாக்கச் சிரமதானத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு, ரோட்டோரத்தில் நின்று பிளேன்டீ ஊற்றச் சொல்லி என்னைத்தான் விட்டார்கள். எல்லோரையும் போல நீயும் "தேங்க்ஸ் அக்கா" என்று கோப்பையை வாங்கினாய். நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பற்றையை வெட்டினீர்கள். கல்லையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் குவித்தீர்கள். அம்மாவின் தலைமாட்டில் நீ நட்ட சிவப்பு குரோட்டனை ஒரு பிள்ளை பிடுங்கியபோது, நீ பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றாய். "இது எங்கம்மா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை கையை எடுத்திருப்பாள். பிறகு உங்களோடு வந்த பாதர் ஜெபம் பண்ணினார். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

நம் வழக்கத்தில் பொம்பளைகள் மயானத்துக்குள் போவதில்லை. இரண்டு வருஷமாக ரோட்டில் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கும்பிட்டேன். இப்போது எல்லாம் ஒரே மண். அன்றைக்கு அம்மாவைத் தூக்கிப்போனவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு இடம் காட்டுகிறார்கள்.

"குடம் ஒடச்சது ஒங்க தம்பிதானே, அவனையே கேளுங்க" என்கிறார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

அடுத்த மாதம் திதி. அதற்கு முன்னால் வந்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறு. லயத்து வீட்டுப் பக்கம் வராதே. யாராவது பார்த்துக் கேட்டால், சிரமதானத்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
பிளேன்டீ ஊற்றியவள்