எல்ஃப்ரிடாவுக்கு மட்டும் விழாத தீவனம்

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் எல்லாம் சரியாகவே ஓடியது. அதுதான் எரிச்சல்.

எய்னரின் பண்ணையிலிருந்து வந்த புகார் என் தலையில். காலையில் தொழுவத்தைக் கழுவிவிட்டு அவர் எங்கள் கம்பெனியின் தீவன இயந்திரத்தை மறுபடி இயக்குகிறார். முதலில் நுழையும் மாட்டுக்கு மட்டும் தீவனம் விழுவதில்லை. அடுத்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் விழுகிறது. முதல் மாடு எப்போதும் ஒன்றேதான், எல்ஃப்ரிடா. அவளை முந்திக்கொண்டு போக மற்றவற்றுக்குத் துணிச்சல் இல்லையாம்.

பிழை தேடும் கருவியான டீபக்கரில் சிவப்புப் புள்ளி வைத்து நிரலை நிறுத்துகிறேன். ஓடும் வரியைக் காட்டும் மஞ்சள் பட்டை ஒவ்வொன்றாக இறங்குகிறது. வலப்பக்கப் பேனலில் எல்லா மதிப்புகளும் தெரிகின்றன. எந்த மாட்டுக்கு எவ்வளவு என்ற பங்குப் பட்டியல் நிறைந்திருக்கிறது. எல்ஃப்ரிடா, மூன்று கிலோ. விழுகிறது. மறுபடி ஓட்டினாலும் ஸ்கிரீனில் விழுகிறது. இல்லாத பிழையை எப்படித் திருத்துவது?

அக்டோபர் 10, வெள்ளி

எய்னரே போன் செய்தார். நான்தான் எடுக்கவேண்டியிருந்தது, மற்றவர்கள் காபிக்குப் போயிருந்தார்கள்.

"ஏம்மா, உங்க மெஷினுக்கும் என் மாட்டுக்கும் என்ன பகை?"

"தொட்டி முழுசா காலியா இருக்கா, இல்ல கொஞ்சமாவது விழுதாங்க?"

"சுத்தமா காலி. வர்றா, மோந்து பாக்கறா, என்னைப் பாக்கறா. அப்புறம் கதவுக்கு ஒரு உதை. கதவு வில்லா வளைஞ்சு கிடக்கு."

"என் ஸ்கிரீன்ல விழுதுங்க..."

"அப்ப உன் ஸ்கிரீன இங்க கொண்டாந்து வை. அவ அதைத் திங்கட்டும்."

வைத்துவிட்டார். இப்போதுதான் அவருக்கு மூன்று பதில்கள் தோன்றுகின்றன.

அக்டோபர் 13, திங்கள்

காலைக் கூட்டம். பேருந்திலேயே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். "எனக்கு இன்னும் பிழை தென்படவில்லை" என்று சொல்லவேண்டும். ஆனால் எல்லோரும் நின்றபடி என்னையே பார்க்க, வாயில் வந்தது வேறு: "புரோகிராம் கோடில் பிழை இல்லை."

டோர்கில் கைதட்டினார். அந்த மென்பொருள் முழுக்க அவர் தனியாக எழுதியது. "கேட்டீங்களா? யுனிவர்சிட்டிப் பொண்ணே சொல்லிருச்சு! ஆன்டெனாவ மாத்துங்கப்பா, மாட்டோட காது வில்லையை அது சரியாப் படிக்கல."

ஆள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரப் பயணம், நான் சொன்ன ஒரு சொல்லுக்காக.

பிறகு மேலாளர் பிர்கிட்டே என்னை ஜன்னலோரம் அழைத்தார். என் தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. "உன் வேலை நல்லாருக்குன்னுதான் நினைக்கறேன், மைக்கன். ஆனா நீ என்ன நினைக்கறன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. இதை முடிச்சுக் காட்டு, பேசலாம்."

முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

புது ஆன்டெனா பொருத்தியாயிற்று. எல்ஃப்ரிடா இன்றும் பட்டினி.

அக்டோபர் 16, வியாழன்

இங்கே தப்பு செய்தவர் எல்லோருக்கும் கேக் கொண்டுவரவேண்டும். எழுதாத சட்டம். ஆன்டெனா வீணானதற்கு நான்தான் பொறுப்பாம். தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுச் செய்தேன், அடியில் பிடித்துவிட்டது.

"கேக் நல்லாருக்கு. அடிக்கடி தப்பு பண்ணு" என்றார் டோர்கில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — எதற்குச் சிரித்தேன்? கோடு சரியாக இருக்கிறது என்று வாராவாரம் சொன்னது அவர். கேக் மட்டும் என்னுடையதா?

மாலையில் அப்பா போன் செய்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மாடு என்றால் புரியும், அவர் இருப்பது இறைச்சிக்கூடத்தில்.

"இன்னும் அதே மாடுதானா?"

"அதே மாடுதான்ப்பா."

"நீங்க தீனியப் போடுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேலை போய்விடலாம் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். எப்படிச் சொல்வது?

அக்டோபர் 20, திங்கள்

வெறுத்துப்போய் டீபக்கர் இல்லாமல் சும்மா ஓட்டிவிட்டேன்.

விழவில்லை! முதல் மாட்டுக்குச் சுழியம்!

உடனே டீபக்கரோடு ஓட்டினேன். விழுந்தது. இல்லாமல் — விழவில்லை. ஐயோ, என்னடா இது! பார்த்தால் நல்ல பிள்ளை, தலையைத் திருப்பினால் திருட்டுத்தனமா? இத்தனை நாளும் நான் இதைச் செய்துபார்க்கவே இல்லை. நிறுத்தி, உற்றுப் பார்த்து, கவனமாக... என் கவனத்தைத் தூக்கிக் குப்பையில் போட.

டோர்கிலிடம் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அக்டோபர் 21, செவ்வாய்

பிடித்துவிட்டேன்!

மதியம், அதே சிவப்புப் புள்ளி. நிரல் நின்றது. பேனலில் பங்குப் பட்டியல், "காலி" என்று ஒரு கணம் தெரிந்தது. கண் சிமிட்டுவதற்குள் நிறைந்துவிட்டது. எழுத்து சிவப்பாயிற்று. மதிப்பு மாறினால் டீபக்கர் அதைச் சிவப்பில் காட்டும். ஆனால் மஞ்சள் பட்டை நகரவே இல்லை. ஒரு வரிகூட ஓடாமல் பட்டியலை யார் நிரப்பினார்கள்?

நான்தான். நான் பார்த்ததுதான்.

பட்டியலை நிரலின் ஏதாவது ஒரு பகுதி முறைப்படி கேட்டால்தான் அது கணினியின் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறும்படி எழுதியிருக்கிறார் டோர்கில். தீவனம் போடும் வரியோ கேட்பதில்லை. நேராகக் கையை விட்டு எடுக்கிறது. இயந்திரத்தை மறுபடி இயக்கியதும், முதல் மாட்டின்போது அங்கே ஒன்றும் இருக்காது. அந்த மாடு போனபின் அறிக்கை எழுதும் பகுதி முறையாகக் கேட்கிறது, பட்டியல் ஏறுகிறது, இரண்டாவது மாடு சாப்பிடுகிறது. என் மேசையில் மட்டும், எனக்குக் காட்டுவதற்காகப் பேனல் முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறது.

பத்து நாளாக எல்ஃப்ரிடாவுக்கு நானே ஊட்டிவிட்டு, ஏன் பசிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளை சொல்லவேண்டும். எல்லோர் முன்னாலும். அவர் முன்னால்.

அக்டோபர் 22, புதன்

தயார் செய்த வாக்கியம் பாதியில் மறந்துவிட்டது. "போன வாரம் திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு. பிழை கோடில்தான் இருக்கு" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது.

டோர்கில் சிரித்தார். "டீபக்கர் வேடிக்கை பாக்கும், அவ்வளவுதான். கைய வைக்காது."

"வைக்குது. காட்டறேன்."

சுவரிலிருந்த பெரிய ஸ்கிரீனில் இணைத்தேன். கேபிள் இரண்டு முறை நழுவியது. பேனலை மூடி ஓட்டினேன்: சுழியம். திறந்து ஓட்டினேன்: மூன்று கிலோ. மறுபடி மூடினேன். சுழியம்.

டோர்கில் எழுந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து, அந்த வரியை விரலால் தொட்டு, வெகுநேரம் படித்தார்.

"யாருய்யா இதை இப்படி எழுதினது?" என்றார். பிறகு, "நான்தான்."

என்னைப் பார்க்கவில்லை. பாராட்டவும் இல்லை. எனக்கு அதுவே போதுமா? இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 24, வெள்ளி

திருத்தியதை அனுப்பிவிட்டோம். எய்னரின் குறுஞ்செய்தி: "தின்னுட்டா. கதவை இன்னும் உதைக்கறா, பழக்கதோஷம்."

ஆபீஸ் சமையலறை மேசையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய கேக் ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. டோர்கில் நாள் முழுக்க ஹெட்போனைக் கழற்றவே இல்லை. எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

நாளை பிர்கிட்டேவுடன் பேச்சு. சட்டையை இரண்டு முறை தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

எய்னரின் பண்ணையில் புது எடைக்கருவி பொருத்தும் வேலை. கம்பெனி கார் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான், இப்போது நானும் அதில் சேர்த்தி, அதனால் முதல்முறையாக ஓட்டினேன், இருக்கையை முன்னால் இழுக்கத் தெரியாமல் பாதி வழி நுனியிலேயே உட்கார்ந்துகொண்டு. புறப்படும்போது டோர்கில் காரின் கண்ணாடியைத் தட்டி, "அங்க வேற ஏதாவது என் கைவரிசை கண்ணுல பட்டா நேரா எங்கிட்ட சொல்லு. கூட்டத்துல வேண்டாம்" என்றார்.

"கூட்டத்துலதான் சொல்வேன்" என்றேன். யோசிக்காமலேயே வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டுப் போனார்.

தொழுவம் கழுவிய ஈரம். எய்னர் இயந்திரத்தை இயக்கினார். எல்ஃப்ரிடா நினைத்ததைவிடச் சின்ன மாடு, ஒரு கொம்புத் தழும்போடு. யாரையும் மதிக்காமல் உள்ளே நுழைந்தாள். தீவனம் சரசரவென்று விழுந்தது. மடிக்கணினி காரிலேயே இருந்தது. நான் கம்பியில் சாய்ந்து நின்றேன். நான் பார்த்தாலும் திரும்பிக்கொண்டாலும் அவள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.