கட்டி இல்லை, நரம்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுதிக் காற்று. சீவிய தலை பத்து அடி நடப்பதற்குள் காலி. அத்தாவும் நானும் டாக்டரிடம்.

வலது முழங்கையில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறதாம். சுண்டுவிரலைச் சுண்டினாலும் தெரிவதில்லை. மோதிர விரலும் மரத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் காய்க்கும் என்றேன். சிரித்தது நான் மட்டும்.

டாக்டர் என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அமுக்கிக் காட்டினார். சதை இருந்த இடத்தில் பள்ளம். "இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது முழுசாத் திரும்பும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். தள்ளிப்போட்டா விரல் மடங்கியே நின்னுடும்."

அத்தா: "வீட்ல பேசிட்டுச் சொல்றோம் சார்."

என் கைக்கு வீட்டில் என்ன பேச்சு? எனக்குப் பதினேழு. கை என்னுடையது, கையெழுத்து பெற்ற அத்தாவுடையதாம்.

ஜூலை 9, புதன்

மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டு முதலமைச்சர், யாரும் ஓட்டுப் போடவில்லை.

"நரம்புன்னு வாயத் தொறந்துறாதீக. நத்தத்துக்காரவுக காதுல விழுந்தா பரம்பரை வியாதிம்பாக. நஸ்ரின் நிக்காஹ் முடியட்டும். மூணு மாசந்தானே?"

நத்தத்துக்காரர்கள் = நஸ்ரின் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள்.

அத்தா தரையைப் பார்த்தார். அம்மா வெஞ்சனச் சட்டியைப் பார்த்தார். என் கையை எவரும் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா மட்டும்: "ஏன் மாமா, இவன் விரலையுமா சீராக் கேட்டாக?"

"பொம்பளப்புள்ள குறுக்கப் பேசாத."

வலது கையால் முடியாதவை: சட்டைப் பொத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் பேனா. கேட்ச் பிடிப்பது. மாமாவை அறைவது. (கடைசிக்கு இடது கை சும்மாதான் இருக்கிறது.)

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு என் தலையைத் தடவுகிறார்கள். செருப்புக்கடை பாய் கண் கலங்கி, "அல்லா லேசாக்குவான் அப்பு. இப்பல்லாம் அதுக்கு மருந்து வந்துருச்சு."

எதுக்கு?

சாயங்காலம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏன் போனார்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். நரம்பு என்று சொல்லக் கூடாதே! மாமா "கையில ஒரு கட்டி" என்று சொல்லிவைத்திருக்கிறார். தெருவே கூடிப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டது. நாலு பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுகை. மறுத்துப் பேச அம்மாவுக்கு வாயில்லை, மாமா உத்தரவு.

அக்காவைக் கட்டிக் கொடுக்க எனக்கு ஒரு கட்டி கொடுத்தாயிற்று.

ஜூலை 12, சனி

இடது கையால் எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். கோழி கிளறிய எழுத்து.

"இங்கே கட்டி இல்லை. முழங்கை நரம்பு. அழ வந்தவர்கள் அடுத்த வீடு பார்க்கவும்."

முதலில் படித்தது யார்? நத்தத்துக்காரர்கள். கட்டி என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேரே என்னிடம்: "எதுப்பா நெசம்?"

"நரம்புதாம்மா." பள்ளத்தைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். அப்புறம் விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்த மாமா பக்கம் திரும்பி, "நரம்புன்னா நரம்புன்னு சொல்ல வேண்டியதுதானே? இதுலயே பொய்னா இன்னும் என்னென்ன மறைச்சீகளோ." யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். டீகூடக் குடிக்கவில்லை.

மாமா குதித்தார். "ஒரே நோட்டீஸ்ல அக்கா வாழ்க்கையக் கெடுத்துட்டியேடா!"

நானா? நானா?? பேனா தாளைக் கிழிக்கிறது.

அக்கா அழுதிருந்தாள். என் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே: "அவுக யோசிக்கட்டும். நானும் யோசிக்கணும்ல. நீ போயி அத்தாகிட்டப் பேசு."

பேசவில்லை. ஆத்திரத்தில் குரல் உடைந்துவிடும்.

ஜூலை 14, திங்கள்

காற்று ஓயவில்லை. அத்தா கடைக்குக் கிளம்பாமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். முதன்முறையாக என் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார்.

"பயமா இருக்காப்பா?"

"இருக்கு."

"பண்ணியும் சரியாகலன்னா?"

"அப்ப நான் கேட்டு ஆகாமப் போச்சுன்னு இருக்கட்டும். நீங்க மூணு மாசம் ஒளிச்சு வச்சதால போச்சுன்னு இருக்கக் கூடாது அத்தா."

என் கையை இறக்கி வைக்காமலே டாக்டருக்கு ஃபோன் போட்டார். வியாழன், காலை ஏழு மணி, வெறும் வயிறு.

பத்து நிமிடத்தில் மாமா ஃபோன். அதற்குள் யார் சொன்னார்களோ. ஊரில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கத்துகிறார். அத்தா ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"நரம்புன்னு சொல்லுங்க மாமா. நாலே எழுத்துதான்."